போயறியாத நாடுகளை ஒப்பிடலாமா? ஒப்பீட்டு அரசியல் படிக்கும் மாணவருக்கு ஒரு பதில்

திருக்கோவிலிலிருந்து, வெளிவாரிப் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இலங்கைக்குப் பொருத்தமான அரசியல் நிறுவனங்கள் எவை என்று காண்பதற்காக சுவிட்சர்லாந்து, பெல்ஜியம், இந்தியா ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு ஆய்வுக்கட்டுரை எழுத நினைக்கிறேன். எந்த நாட்டின் முறை நமக்குச் சரிவரும்? நான் போயறியாத நாடுகளைப் பற்றி எழுதலாமா?" கேள்வி இரண்டாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். ஒரு நாட்டில் ஒரு விதி இருக்கிறது. அந்த நாடு நன்றாகவும் இருக்கிறது. அந்த நன்மை அந்த விதியால் வந்ததா, வேறு எதனாலாவது வந்ததா என்று எப்படி அறிவது? இதற்கு வழி பிடிபட்டால் மற்ற இரண்டும் இலகுவாகிவிடும்.

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் வெளிவாரி மாணவர்களுக்கு இந்தப் பாடத்தைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். அநேகமாக ஒவ்வொரு அணியிலும் இதே தலைப்போடு ஒருவர் வருவார். ஏன் வருகிறார் என்பது எனக்கு விளங்கும். இங்கே வளர்ந்த பிள்ளைக்கு அரசியலமைப்பு என்பது வீட்டுக்குள் வந்துபோன விடயம். ஆகவே மருந்து தேடுகிறார்கள், அந்தத் தேடலை நான் மதிக்கிறேன். ஆனால் எழுதி முடிக்கும்போது சுவிட்சர்லாந்துக்கு ஓர் அத்தியாயம், பெல்ஜியத்துக்கு ஓர் அத்தியாயம், இந்தியாவுக்கு ஓர் அத்தியாயம், கடைசியில் இரண்டு பக்கம் விதப்புரைகள் என்றுதான் கட்டுரை நிற்கிறது. மூன்று நாடுகளின் விவரணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது ஒப்பீடு ஆகாது. "எது நமக்குச் சரி" என்பதில் நாம் எதை விரும்புகிறோம், எதை விட்டுக்கொடுப்போம் என்பதும் கலந்திருக்கிறது. அதை எந்த ஆய்வுமுறையும் நமக்காகத் தீர்மானிக்காது. "இல்லை" என்ற விடையும் வரக்கூடிய அளவுக்குக் கேள்வி சிறிதாக வேண்டும். அப்போதுதான் ஒப்பீடு தொடங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அது உங்கள் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஜேர்மனியில் 5 வீத வெட்டுப்புள்ளி, அதாவது அதற்குக் குறைந்த வாக்குப் பெற்ற கட்சி ஆசனப் பங்கீட்டில் சேராது. இலங்கையிலும் 5 வீத வெட்டுப்புள்ளி. மாணவர்களின் அட்டவணையில் இரண்டும் ஒரே நிரலில் எழுதப்பட்டிருக்கும். ஜேர்மனியில் அந்த 5 வீதம் நாடு முழுவதும் கட்சிகளுக்கு விழுந்த வாக்குகளில் கணக்கிடப்படுகிறது. அதைத் தாண்டிய கட்சி ஏறத்தாழ முப்பது உறுப்பினர்களோடு பாராளுமன்றத்துக்குள் போகும். நமது நாட்டில் அது ஒவ்வொரு தேர்தல் மாவட்டத்துக்குள்ளும் தனித்தனியே பார்க்கப்படுகிறது. முதலில் 12.5 வீதமாக இருந்ததை 1988இல் 15ஆவது திருத்தம் 5 ஆக்கியது. சிறிய கட்சிகளுக்குக் கதவு திறந்தது என்று அந்தத் திருத்தத்தைப் பற்றி எழுதுவார்கள். கதவு எவ்வளவு திறந்தது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

திகாமடுல்ல, அதாவது அம்பாறை, தேர்தல் மாவட்டத்துக்கு 7 ஆசனங்கள். முதலாவதாக வரும் கட்சிக்குப் போனஸ் ஆசனம் ஒன்று போய்விடும். 5 வீதத்துக்குக் கீழே நின்றவர்களின் வாக்குகளைக் கழித்துவிட்டு, எஞ்சியதை 6ஆல் வகுக்க வேண்டும். அப்படி வருவதுதான் ஓர் ஆசனத்துக்கு வேண்டிய வாக்கு: கணக்கில் எடுக்கப்படும் வாக்குகளில் ஏறத்தாழ 16.7 வீதம். மட்டக்களப்புக்கு 5 ஆசனங்கள், வகுப்பது 4ஆல், 25 வீதம். திருகோணமலைக்கு 4, வகுப்பது 3ஆல், 33 வீதத்துக்கு மேல். மிஞ்சும் ஆசனங்கள் கூடிய மீதி வாக்கு உள்ளவர்களுக்குப் போவதால் இதைவிடக் குறைந்த வாக்கோடும் ஓர் ஆசனம் கிடைக்கலாம். ஆனால் அது மற்றவர்களின் வாக்கு எப்படிச் சிதறுகிறது என்பதில் தங்கியிருக்கிறது. உங்கள் கையில் இல்லை. ஆக, சட்டத்தில் எழுதியிருக்கும் வெட்டுப்புள்ளி மூன்று மாவட்டத்திலும் 5. உண்மையில் மக்கள் தாண்டவேண்டியது மூன்று இடத்தில் மூன்று விதம்.

2012 கணக்கெடுப்பின்படி அம்பாறை மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 43 வீதம், சிங்களவர் 39, தமிழர் 17. அந்த 17ஐ மேலே வந்த 16.7க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தமிழ் வாக்கு ஒரு பட்டியலில் நின்றால் ஆசனம் ஏறக்குறைய நிச்சயம். இரண்டாகப் பிரிந்தால் மீதி வாக்கை நம்ப வேண்டும். 2020 பொதுத் தேர்தலில் அது பிரிந்தது. இரண்டு பட்டியல்களும் 5 வீதத்தைத் தாண்டின. இரண்டுக்கும் ஆசனம் கிடைக்கவில்லை. பிறகு இலங்கைத் தமிழரசுக் கட்சி தனக்குக் கிடைத்த ஒரே தேசியப்பட்டியல் ஆசனத்தை அம்பாறையைச் சேர்ந்தவருக்குக் கொடுத்துத்தான் அந்த இடைவெளியை அடைத்தது. 2024இல் அதே விதி, அதே 7 ஆசனங்கள்; அந்தக் கட்சிக்கு ஓர் ஆசனம் வந்தது. விதி மாறாமல் விளைவு மாறியிருக்கிறது. மாறியது கட்சிகளின் நடத்தையும் வாக்குச் சிதறலும். ஒரு விதி தனியாக நின்று எதையும் செய்வதில்லை என்று பாடநூலில் வாசிப்பதைவிட இந்த இரண்டு பெறுபேற்றுத் தாள்களை அருகருகே வைத்தால் நன்றாக விளங்கும்.

இப்போது வெளிநாட்டுக்குப் போகலாம். நெதர்லாந்தில் 150 ஆசனங்களுக்கும் நாடு முழுவதும் ஒரே கணக்கு, ஆகவே 0.67 வீதத்தோடு ஒரு கட்சி உள்ளே வரலாம். துருக்கியில் நாடளாவிய வெட்டுப்புள்ளி 2022 வரை 10 வீதம், இப்போது 7. இந்த நாடுகளையும் இலங்கையையும் ஒப்பிட விரும்பினால் சட்டத்தில் உள்ள வீதத்தை விட்டுவிட்டு, ஒரு தேர்தல் மாவட்டத்துக்கு எத்தனை ஆசனம் என்று எண்ணுங்கள். தேர்தல் முறைகள் பற்றிய ஆய்வில் மிக உறுதியாக நிறுவப்பட்ட முடிவு இதுதான்: மாவட்டத்துக்கு ஆசனம் கூடக்கூட வாக்கும் ஆசனமும் விகிதத்தில் நெருங்கும், குறையக்குறைய விலகும். பெரும்பாலும் வகுக்கும் சூத்திரத்தைவிட இதுவே கூடிய வேலை செய்கிறது. பல நாடுகளில், பல தசாப்தங்களில் இது திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. இதைத் துணிந்து எழுதுங்கள்.

எந்த நாடுகளைத் தெரிவது என்பதற்கு இரண்டு பழைய வழிகள் உண்டு. பலவற்றில் ஒத்திருந்து ஒன்றில் மட்டும் வேறுபடும் நாடுகளை எடுத்தால், விளைவில் தெரியும் வேறுபாட்டுக்கு அந்த ஒன்றைச் சந்தேகிக்கலாம். எல்லாவற்றிலும் வேறுபட்டு விளைவில் ஒத்திருக்கும் நாடுகளை எடுத்தால், அவற்றுக்குப் பொதுவான ஏதோ ஒன்றைத் தேடலாம். உங்கள் மூன்று நாடுகளும் இந்த இரண்டிலும் சேரவில்லை. சுவிட்சர்லாந்தும் இலங்கையும் வேறுபடாத இடத்தைத் தேடிப்பிடிக்க வேண்டும். அதைவிட, மூன்றும் நிலைத்துநின்ற நாடுகள் என்பதாலேயே தெரிந்தெடுக்கப்பட்டவை. தேறியவர்களை மட்டும் கூப்பிட்டு, எதைப் படித்தீர்கள் என்று கேட்டால், அதையே படித்துத் தவறியவர்கள் எத்தனை பேர் என்று தெரியாமலே போய்விடும். இனங்களுக்கிடையே அதிகாரத்தைப் பங்கிட்ட நாடு என்று பெல்ஜியத்தை எடுத்தால் சைப்பிரஸையும் எடுக்க வேண்டும். 1960 அரசியலமைப்பில் கிரேக்க ஜனாதிபதி, துருக்கிய உப ஜனாதிபதி, இருவருக்கும் தடுப்பதிகாரம், பாராளுமன்ற ஆசனங்களும் அரச பதவிகளும் 70க்கு 30 என்று எல்லாம் எழுதிவைத்திருந்தார்கள். 1963 டிசம்பரில் அது உடைந்தது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் மொரிசியஸை எடுப்பேன். இந்து சமுத்திரத்துத் தீவு, பிரித்தானியக் குடியேற்றம், தோட்டத் தொழிலுக்கு இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள், பல இனம், பல சமயம், தமிழரும் உண்டு. 1968இல் சுதந்திரம், நம்மைப்போல வெஸ்ட்மினிஸ்டர் பாணிப் பாராளுமன்றம். இவ்வளவு ஒற்றுமைக்குப் பிறகு ஒரு வேறுபாடு கண்ணில் படுகிறது. அங்கே 20 தொகுதிகளிலும் தலா மூன்று உறுப்பினர், ரொட்ரிகஸ் தீவுக்கு இருவர். அதற்கு மேல், தோற்றவர்களுள் கூடிய வாக்குப் பெற்றவர்களிலிருந்து எட்டுப் பேர்வரை, குறைவாகப் பிரதிநிதித்துவம் பெற்ற சமூகங்களுக்காகச் சேர்க்கப்படுவார்கள். நமது பக்கத்திலும் இதற்கு உறவான ஒன்று இருந்தது. 1960 தொடக்கம் மட்டக்களப்பு இரட்டை அங்கத்தவர் தொகுதி; 1977இல் பொத்துவிலும் அப்படியே. ஒரே தொகுதியில் இரு சமூகங்களும் ஆளனுப்ப வேண்டும் என்பதே நோக்கம். 1977இல் இரண்டு தொகுதிகளிலும் ஒரு தமிழரும் ஒரு முஸ்லிமும் தெரிவானார்கள். மொரிசியஸ் அந்த முறையை நாடு முழுவதற்கும் விரித்து, இன்றுவரை வைத்திருக்கிறது. நாம் சில தொகுதிகளுக்கு மட்டும் வைத்திருந்து, விகிதாசார முறைக்குப் போனபோது விட்டுவிட்டோம். இரு சமூகமும் கலந்த தொகுதியில் கட்சிகள் வேட்பாளரை எப்படி நிறுத்துகின்றன என்ற ஒரே கேள்விக்கு இந்த இரண்டு அனுபவங்களும் போதும். அதே நேரம் மொரிசியஸின் வடுவையும் மறைக்காதீர்கள். அந்த எட்டு ஆசனங்களுக்கான சமூகக் கணக்கு இன்னும் 1972 குடித்தொகைக் கணக்கெடுப்பிலேயே நிற்கிறது. வேட்பாளர் தன் சமூகத்தைக் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்பதை ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு 2012இல் குறை கண்டது.

பங்கை எழுதிவைக்கும் முறைகளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது நமது பிரதேசத்தவருக்குப் புதிதல்ல. கொக்கட்டிச்சோலையிலும் உங்கள் திருக்கோவிலிலும் கோயில் நிர்வாகத்தில் எந்தக் குடிக்கு (கால்வழிக்கு) வண்ணக்கர் என்னும் கோயில் பொறுப்பாளர் பதவி, எந்தக் குடிக்கு எந்தத் திருவிழா என்று மரபாக வகுத்திருக்கிறார்கள். கரையோர முஸ்லிம் ஊர்களில் பள்ளிவாசல் பொறுப்பாளரைக் குடிவழி தெரியும் மரைக்கார் முறையும் அதன் உறவுதான். யாரும் முற்றாகத் தள்ளப்படுவதில்லை என்பது அதன் பலம். வகுத்த நாளில் இல்லாதவருக்கு இடமில்லை, பங்கை மாற்றப் போனால் பெரும் வழக்காகும் என்பது அதன் சிக்கல். லெபனானும் இந்தச் சிக்கலில்தான் நிற்கிறது. அங்கே கடைசி உத்தியோகபூர்வக் கணக்கெடுப்பு 1932இல். 1943 உடன்பாட்டில் கிறிஸ்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் 6க்கு 5 என்றிருந்த பங்கைச் சரிபாதியாக்குவதற்கு ஒரு நீண்ட உள்நாட்டுப் போரும் 1989இன் தாயிஃப் ஒப்பந்தமும் வேண்டியிருந்தன. பொஸ்னியாவில் 1995 டேய்ட்டன் ஒப்பந்தப்படி ஜனாதிபதிப் பதவி மூன்று இனத்தவருக்கு. ஒரு யூதரும் ஒரு ரோமா இனத்தவரும், நாங்கள் ஏன் போட்டியிட முடியாது என்று வழக்குப் போட்டார்கள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2009இல் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மட்டக்களப்பில் இருந்து வாசிக்கும்போது இது தூரத்து விடயமாகப் படாது. கிழக்கில் மூன்று இனங்களுக்குப் பங்கு என்று எழுதினால் இங்குள்ள பறங்கியர் எந்தப் பட்டியலில் வருவார்கள் என்று உங்கள் கட்டுரை ஒரு பந்தியிலாவது கேட்க வேண்டும்.

எழுதப்பட்ட விதியையும் நடைமுறையையும் பிரித்துப் பார்ப்பதற்கு பிரான்ஸைவிட நல்ல நாடு கிடைக்காது. 1978 அரசியலமைப்பு பிரெஞ்சு முறையைத் தழுவியது என்று உயர்தரத்திலேயே மனனம் செய்திருப்பீர்கள். ஜனாதிபதி ஒரு கட்சி, பாராளுமன்றப் பெரும்பான்மை மறு கட்சி என்ற நிலைமை பிரான்ஸில் 1986இலும் 1993இலும் 1997இலும் வந்தது. மூன்று முறையும் உள்நாட்டு நிர்வாகம் பிரதமர் கையில் இருந்தது, ஆட்சி ஓடியது. இலங்கையில் 2001இல் அதே நிலைமை. 2003 நவம்பரில் ஜனாதிபதி மூன்று அமைச்சுகளைத் தன் கையில் எடுத்தார், 2004 பெப்ரவரியில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. அங்கே அரசியல் முதிர்ச்சி, இங்கே பகை என்று விளக்குவது இலகு. அதற்கு முன் விதிகளைப் பாருங்கள். பிரெஞ்சு அரசியலமைப்பில் அரசாங்கத்தின் செயற்பாட்டை வழிநடத்துபவர் பிரதமர். நமது 1978 அரசியலமைப்பில் அரசின் தலைவரும் அரசாங்கத்தின் தலைவரும் அமைச்சரவையின் தலைவரும் ஜனாதிபதியே. குடும்பத்தில் ஒன்றானாலும் அதிகாரப் பங்கீட்டில் வேறு. இதைவிடச் சுத்தமான சோதனை 2018இல் நமது நாட்டுக்குள்ளேயே நடந்தது. பாராளுமன்றம் முதலில் கூடி நாலரை ஆண்டு நிறையும் முன் அதைக் கலைக்கும் அதிகாரத்தை 19ஆவது திருத்தம் கட்டுப்படுத்தியிருந்தது. நவம்பர் 9ஆம் திகதி ஜனாதிபதி கலைத்தார். டிசம்பர் 13ஆம் திகதி அது அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004ஐயும் 2018ஐயும் எதிரெதிரே வைத்தால், நாடும் பதவியும் ஒன்றாக இருக்க, விதியில் நடந்த ஒரு மாற்றம் என்ன செய்தது என்று கிட்டத்தட்டப் பார்க்க முடிகிறது. அதுவும் ஒப்பீடுதான். ஒரே நாட்டின் இரண்டு காலங்கள்.

இந்தியாவை விட மனமில்லை என்றால் மாகாண சபையோடு நிறுத்துங்கள். 1987இல் 13ஆவது திருத்தத்தால் வந்த சபைகள். கிழக்கு தனியாகப் பிரிந்த பிறகு 2008இலும் 2012இலும் தேர்தல். 2017 செப்டெம்பரில் கிழக்கு மாகாண சபையின் காலம் முடிந்தது, அதற்குப் பிறகு ஆளுநர் நிர்வாகம். தேர்தல் சட்டம் 2017இல் கலப்பு முறைக்கு மாற்றப்பட்டது, எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்ட்டில் பாராளுமன்றத்தில் தோற்றது, பழைய சட்டமும் இல்லை புதியதும் இல்லை என்றாகிவிட்டது. இந்தியாவில் ஒரு மாநிலத்தை மத்திய அரசு தன் கீழ் எடுப்பதற்கு 356ஆவது உறுப்புரை இருக்கிறது. 1994இல் எஸ். ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு வரம்பு போட்டது. அப்படியிருந்தும் ஜம்மு காஷ்மீரில் 2014க்குப் பிறகு சட்டமன்றத் தேர்தல் 2024இல்தான். ஆகவே இந்தியாவில் நடக்கும், இங்கே நடக்காது என்று எழுதாதீர்கள். ஒரு மாநில சபை இல்லாமற்போனால் யாருக்கு நட்டம், அந்த நட்டப்படுபவருக்கு மத்தியில் எவ்வளவு பலம் என்று கேளுங்கள். தமிழ்நாட்டிலோ மேற்கு வங்கத்திலோ மாநிலக் கட்சிகள் டெல்லியில் கூட்டணி அரசுகளைத் தாங்கியிருக்கின்றன. கிழக்கு மாகாண சபை இல்லாததால் கொழும்பில் எந்த அரசாங்கமும் ஆடவில்லை.

உறுதியில்லாதவற்றை உறுதியாக எழுதவேண்டாம் என்பதற்கும் இரண்டு இடங்களைக் காட்டிவிடுகிறேன். ஜனாதிபதி முறை ஜனநாயகத்தைக் கவிழ்க்கும் என்ற வாதம் 1990இல் அரசியல் அறிஞர் ஹுவான் லின்ஸ் எழுதியதிலிருந்து பெரும் விவாதம். லத்தீன் அமெரிக்காவில் ஜனாதிபதி முறை கவிழ்ந்த நாடுகள் பலவற்றில் முன்பே இராணுவம் அரசியலில் ஊறியிருந்தது, குற்றம் முறையினதா இராணுவ மரபினதா என்று மறுபக்கத்தார் கேட்கிறார்கள். இன்னும் தீரவில்லை. அதிகாரப் பகிர்வு சமாதானத்தைத் தருமா என்பதும் அப்படியே: சமாதானத்துக்கு ஏற்கெனவே தயாரான சமூகங்கள்தாம் பகிர்வுக்கு உடன்படுகின்றனவோ என்ற சந்தேகத்தை எளிதில் விலக்க முடியாது. நாடுகளுக்குப் புள்ளி போடும் வி-டெம் போன்ற தரவுத் தொகுப்புகளையும் பயன்படுத்துங்கள், ஆனால் அதன் பல குறிகாட்டிகள் நிபுணர்களின் மதிப்பீடுகள் என்பதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

போயறியாத நாட்டைப் பற்றி எழுதலாம். அந்த நாட்டின் அரசியலமைப்பு, தேர்தல் பெறுபேறு, நீதிமன்றத் தீர்ப்பு ஆகியவை மூலமாகக் கையில் இருந்தால் எழுதலாம். அங்கே மக்கள் அந்த நிறுவனத்தை எப்படி உணர்கிறார்கள் என்று எழுதுவதற்கு அது போதாது. எனக்கும் இதே வரம்பு உண்டு. பெல்ஜியத்தைப் பற்றி நான் கற்பிப்பது ஆங்கிலத்தில் வந்தவற்றை வைத்து. பிரெஞ்சிலும் டச்சிலும் நடக்கும் வாதம் வடிகட்டித்தான் என்னிடம் வருகிறது. அந்த வடிகட்டலை ஆய்வுமுறை அத்தியாயத்தில் சொல்லிவிட்டால் பரீட்சகர் குறை சொல்லமாட்டார். சொல்லாமல் விட்டால்தான் கேட்பார். மாறாக, கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ முன்னாள் மாகாண சபை உறுப்பினர் ஒருவரோடு இருந்து இரண்டு மணித்தியாலம் பேசுவது உங்களால் முடியும். அது ஒஸ்லோவிலோ லண்டனிலோ இருந்து நம்மைப் பற்றி எழுதுபவருக்கு அவ்வளவு இலகுவில் கிடைக்காது.

ஆகவே தலைப்பை இப்படிச் சுருக்கிப் பாருங்கள்: பல அங்கத்தவர் தொகுதிகள் கட்சிகளின் வேட்பாளர் தெரிவை எப்படிப் பாதித்தன, மட்டக்களப்பும் பொத்துவிலும் 1977 வரையும் மொரிசியஸ் இன்றுவரையும். மொரிசியஸின் எட்டு ஆசன விதி அதன் அரசியலமைப்பின் முதலாம் அட்டவணையிலேயே இருக்கிறது, இணையத்தில் கிடைக்கும். பழைய தேர்தல் பெறுபேறுகளைத் தேர்தல் ஆணைக்குழுவிடமிருந்து எடுங்கள். முதல் வாரத்தில் எதையும் எழுத வேண்டாம். ஒவ்வொரு தேர்தலிலும் ஒவ்வொரு கட்சியும் எந்தச் சமூகத்தவரை எந்தத் தொகுதியில் நிறுத்தியது என்று ஓர் அட்டவணை போடுங்கள். உங்கள் கருதுகோள் பிழை என்றால் அந்த அட்டவணையில் என்ன தெரியவேண்டும் என்பதை ஒரு வசனத்தில் எழுதி, மேற்பார்வையாளரிடம் முதலில் அதைக் காட்டுங்கள்.